பொதுச் சுகாதாரத்தில் 'பொது' யார்?



டிசம்பர் 6 அன்று நாம் கூடுவது அண்ணலின் நினைவுக்காக. இதே தேதிக்கு வேறொரு கணக்கும் உண்டு. கையால் மலம் அள்ளும் வேலையில் ஆட்களை அமர்த்துவதைத் தடைசெய்து, அவர்களுக்கு மறுவாழ்வு அளிப்பதற்கான சட்டம் 2013-ஆம் ஆண்டு இதே நாளில்தான் நடைமுறைக்கு வந்தது. சிலைக்கு மாலை போடுவதுபோல அரசு தன் சட்டத்தை அண்ணலின் நினைவுநாளில் கொண்டுவந்து வைத்தது. வைத்த பிறகு நடந்தவற்றை இங்கே அமர்ந்திருக்கும் பலர் பிணவறை வாசல்களில் நின்று பார்த்தவர்கள்.

மக்களின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் நுகர்வோர் நலனையும் காக்கும் சட்டங்கள் என்று ஒரு நீண்ட வரிசையே இந்த நாட்டில் இயற்றப்பட்டிருக்கிறது. தொற்றுநோய்ச் சட்டம், தொழிற்சாலைகள் சட்டம், உணவுக் கலப்படத் தடைச் சட்டம், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எனச் சொல்லிக்கொண்டே போகலாம். இவை தேவையில்லாதவை என்று நாம் ஒருபோதும் சொல்ல மாட்டோம். காலராவிலும் பிளேக்கிலும் அதிகம் செத்தவர்கள் சேரிக்காரர்கள். நல்ல தண்ணீரும் சாக்கடையும் தடுப்பூசியும் எங்கே வந்தாலும் முதலில் வர வேண்டிய இடம் சேரி. நாம் கேட்பது வேறு. இந்தச் சட்டங்கள் எல்லாவற்றிலும் 'பொது' என்ற சொல் வருகிறது. பொதுச் சுகாதாரம், பொதுமக்கள், பொது நன்மை, பொது இடம். அந்தப் 'பொது'வுக்குள் யார் இருந்தார்கள், யார் வெளியே நின்றார்கள்?

கிணற்றிலிருந்தும் குளத்திலிருந்தும் தொடங்குவோம். ஏனென்றால் 'பொது' என்ற சொல்லுக்காக நம் முன்னோர் போட்ட முதல் சண்டை தண்ணீர்க் கரையில்தான் நடந்தது.

சென்னைச் சட்டமன்றத்தில் 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொதுக் கட்டடம் எதையும் எந்த வகுப்பாரும் பயன்படுத்தத் தடையில்லை என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. பொது என்றால் பொதுதான் என்று சொல்வதற்கு ஒரு சட்டமன்றத் தீர்மானம் தேவைப்பட்ட நாடு இது. பம்பாய் மாகாணத்தில் அதற்கு முந்தைய ஆண்டு, 1923-இல், எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானமும் இதே வகை. அதை ஏற்று மகாட் நகராட்சி தன் சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாக 1924-இல் அறிவித்தது. அறிவிப்பு காகிதத்தில் இருந்தது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் தலைமையில் மக்கள் ஊர்வலமாகப் போய் அந்தக் குளத்துத் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்தபோதுதான் அது கரைக்கு வந்தது.

அதன் பிறகு நடந்ததைச் சுகாதார வரலாறு எழுதுகிறவர்கள் யாரும் தங்கள் நூலில் சேர்ப்பதில்லை. நாம் சேர்ப்போம். சாதி இந்துக்கள் அந்தக் குளத்தைத் 'தூய்மை'ப்படுத்தினார்கள். பசுஞ்சாணம், கோமியம், பால், தயிர் கலந்த 108 குடங்களைக் குளத்துக்குள் ஊற்றி மந்திரம் ஓதினார்கள். குடிதண்ணீருக்குள் சாணத்தைக் கரைத்துவிட்டு, இப்போது சுத்தமாகிவிட்டது என்றார்கள். கிருமி என்ற ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு அரை நூற்றாண்டு கழிந்திருந்த காலம் அது. சுத்தம் என்ற சொல்லுக்கு இந்த நாட்டில் இரண்டு பொருள் உண்டு என்பதையும், ஒன்று மற்றொன்றைக் கொல்லக்கூடியது என்பதையும் அந்த 108 குடங்களைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது.

வழக்கு பத்தாண்டு நடந்தது. 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நம் பக்கம் தீர்ப்பு வந்தது. மாணவ நண்பர்கள் இந்தத் தீர்ப்பின் காரணத்தைக் கவனிக்க வேண்டும். தீண்டாமை தவறு என்பதால் நாம் வெல்லவில்லை. தீண்டத்தகாதவர்களை விலக்கிவைக்கும் வழக்கம் நினைவுக்கு எட்டாத காலம்தொட்டு அந்தக் குளத்தில் இருந்தது என்பதை எதிர்த்தரப்பு நிரூபிக்கவில்லை. அதனால் வென்றோம். நிரூபித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியை நீதிமன்றம் திறந்தே விட்டது.

சென்னையில் அடுத்த ஆண்டே, 1938-இல், எம்.சி. ராஜா கொண்டுவந்த மசோதா சமூகக் குறைபாடுகளை நீக்கும் சட்டமாக நிறைவேறியது. பொது நீர்நிலை, பொதுச் சாலை, பொதுப் போக்குவரத்து ஆகியவற்றில் தீண்டாமை பார்ப்பது இதன்படி குற்றமானது. அதற்கும் அடுத்த ஆண்டு, 1939-இல், அதே சட்டமன்றம் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தை நிறைவேற்றியது. இந்தியாவின் முதல் முழுமையான பொதுச் சுகாதாரச் சட்டம் என்று இன்றும் நம் அரசு பெருமையோடு சொல்லும் சட்டம் அது. குடிநீர், சாக்கடை, கழிப்பிடம், தொற்றுநோய், உணவு எல்லாவற்றையும் உள்ளாட்சிகளின் பொறுப்பாக்கிய சட்டம். இரண்டு சட்டங்களையும் ஒரே மேசையில் விரித்துவைத்துப் படித்தால் ஒன்று புரியும். முதலாவது நம்மைப் பொதுவுக்குள் கொண்டுவரப் பார்க்கிறது. இரண்டாவது ஊரைச் சுத்தமாக வைப்பது எப்படி என்று பேசுகிறது. ஊரைச் சுத்தம் செய்யும் ஆளின் உடலுக்கு என்ன நேர்கிறது என்ற கேள்வி இந்த இரண்டுக்கும் இடையில் விழுந்து காணாமல் போகிறது.

அது தற்செயலா? சற்றுப் பின்னால் போவோம்.

இந்தியாவில் சுகாதார நிர்வாகம் பிறந்தது மக்களுக்காக அன்று. 1857-க்குப் பிறகு ஆங்கிலச் சிப்பாய்கள் துப்பாக்கியால் செத்ததைவிடக் காலராவாலும் வயிற்றுக்கடுப்பாலும் அதிகம் செத்தார்கள். அதை ஆராய 1859-இல் அமைக்கப்பட்ட அரச ஆணையத்தின் அறிக்கை 1863-இல் வந்தது. அதை ஒட்டி 1864-இல் சென்னை, பம்பாய், வங்காளம் மூன்றிலும் சுகாதார ஆணையங்கள் வந்தன. முதலில் கன்டோன்மென்ட், பிறகு வெள்ளைக்காரர் வாழ்ந்த பகுதி, பிறகு நகரம். வரிசை இப்படித்தான் இருந்தது. சேரி அந்த வரிசையில் நோயின் ஊற்றாக மட்டுமே பதிவாகியது.

பம்பாயில் 1896-இல் பிளேக் வந்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் தொற்றுநோய்ச் சட்டம், 1897 அவசரமாக நிறைவேறியது. நான்கே பிரிவுகள் கொண்ட சட்டம். வீடு புகுந்து சோதிக்கலாம், ஆளைப் பிரித்து முகாமுக்குக் கொண்டுபோகலாம், பயணத்தைத் தடுக்கலாம். இந்தச் சட்டத்தின் கொடுமைகளைப் பற்றித் தேசியவாதிகள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அவர்கள் அதிகம் எழுதாத ஒன்று உண்டு. பிளேக் பரவியபோது லட்சக்கணக்கானோர் பம்பாயை விட்டு ஓடினார்கள். நகராட்சி நிர்வாகம் பயந்தது வியாபாரிகள் போவதற்கு மட்டுமில்லை. மலம் அள்ளும் ஹலால்கோர் தொழிலாளர்களும் கிளம்பிவிட்டால் நகரம் ஒரு வாரம்கூடத் தாங்காது என்று அஞ்சியது. ஆட்களை வலுக்கட்டாயமாக மருத்துவமனைக்கு இழுத்துப்போகும் உத்தரவைத் தளர்த்தியபோது இந்த அச்சமும் ஒரு காரணமாக இருந்தது. நகரத்தின் உயிர் யார் கையில் இருக்கிறது என்பதை ஆட்சியாளர்கள் அறிந்திருந்தார்கள்.

அறிந்ததன் விளைவு என்ன? கூலி உயர்வா, பாதுகாப்பா? சிறை. ஐக்கிய மாகாணங்களின் 1916-ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்தில், துப்புரவுத் தொழிலாளி அனுமதியில்லாமல் வேலையை விட்டு விலகினால் சிறைத்தண்டனை என்று பிரிவு இருந்தது. பஞ்சாபின் 1911-ஆம் ஆண்டுச் சட்டம் 'வழக்கப்படியான தோட்டி' என்ற ஒரு வகையையே உருவாக்கி, வீடு வீடாக மலம் எடுக்கும் பரம்பரை வேலையைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. வேறு தொழிலாளிகள் பலர் வேலையை விட்டால் அது ஒப்பந்த மீறல். தோட்டி விட்டால் குற்றம். பொதுச் சுகாதாரம் கெட்டுவிடும் என்பது காரணம். அதாவது பொதுமக்கள் என்ற கூட்டத்தின் எல்லையைச் சட்டமே கோடு போட்டுக் காட்டியது. கோட்டுக்கு உள்ளே இருப்பவர்களின் நலத்துக்காக வெளியே நிற்பவரைச் சிறையில் வைக்கலாம்.

சுதந்திரம் வந்த பின் கோடு அழிந்ததா? பம்பாய் அரசு 1949-இல் பர்வே குழுவை அமைத்தது. மத்திய அரசு 1957-இல் மல்கானி குழுவை அமைத்தது. தலையில் கூடை சுமப்பதை நிறுத்துங்கள், தள்ளுவண்டி கொடுங்கள் என்றன இவை. பரிந்துரைகள் நல்லவைதான். மலம் தலையிலிருந்து வண்டிக்கு இறங்கியது. கை மட்டும் அதே கைதான். 1976-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமாகத் திருத்தப்பட்டபோது, தீண்டாமையின் பேரில் ஒருவரை மலம் அள்ளவோ, கூட்டவோ, செத்த மாடு எடுக்கவோ கட்டாயப்படுத்துவது குற்றம் என்று ஒரு பிரிவு சேர்ந்தது. கட்டாயப்படுத்தியதை எப்படி நிரூபிப்பது? பசியைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாதே.

இப்போது இந்த உரையின் நடுப்பகுதிக்கு வருகிறோம். எங்களை மிகவும் துன்புறுத்திய ஒரு சட்டப் பிரிவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தொழிற்சாலைகள் சட்டம், 1948. அண்ணல் அரசப் பிரதிநிதியின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்த 1942–46 காலத்தில் தொழிலாளர் சட்டங்கள் பல சீர்பட்டன. வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது 1946 திருத்தத்தில் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் தொழிலாளர் அமைச்சர் ஜகஜீவன் ராம் காலத்தில் 1948-ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறியது. இருவரும் நம்மவர்கள். அந்தச் சட்டத்தின் 36-ஆவது பிரிவு விஷவாயு பற்றியது. தொழிற்சாலைக்குள் இருக்கும் எந்த அறை, தொட்டி, குழி, குழாய் போன்ற அடைபட்ட இடத்திலும் ஆபத்தான வாயு இருக்கக்கூடும் என்றால் யாரும் இறங்கக் கூடாது. ஆள் வெளியேறும் அளவுக்குத் திறப்பு இருக்க வேண்டும். வாயுவை அகற்ற முடிந்ததெல்லாம் செய்ய வேண்டும். தகுதியுள்ள ஒருவர் தானே சோதித்துப் பார்த்து, ஆபத்தில்லை என்று எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லையென்றால் இறங்குபவர் மூச்சுக்கருவி அணிந்து, இடுப்புப் பட்டையில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். மூச்சு நின்றால் மீட்கப் பயிற்சி பெற்றவர்கள் தயாராக இருக்க வேண்டும்.

1948-இலேயே இவ்வளவும் எழுதியாகிவிட்டது! கயிற்றின் மறுமுனை யார் கையில் இருக்க வேண்டும் என்பதுவரை.

ஆனால் அது தொழிற்சாலைக்குள் மட்டும். மின்விசை இருந்தால் பத்துப் பேர், இல்லாவிட்டால் இருபது பேர் வேலை செய்யும் இடம்தான் அந்தச் சட்டத்தில் தொழிற்சாலை எனப்பட்டது. அதன் மதில்சுவரைத் தாண்டித் தெருவுக்கு வந்தால், அதே ஆழத்தில் அதே வாயுவோடு இருக்கும் பாதாளச் சாக்கடைக்கு இந்தப் பிரிவு கிடையாது. வீட்டுச் செப்டிக் டேங்குக்கும் கிடையாது. அந்த மதில்சுவரைத் தாண்ட தேசியச் சட்டத்துக்கு 65 ஆண்டுகள் பிடித்தன. 1948-இலிருந்து 2013 வரை.

வாயுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்வோம், மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால். மலம் காற்றுப் படாமல் அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகிறது. காற்றைவிடக் கனமானது, ஆகவே குழியின் அடியில் தங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கின் உணர்வே செத்துவிடும். நாற்றம் நின்றதும் வாயு போய்விட்டது என்று ஆள் நினைப்பார். உண்மையில் அப்போதுதான் அது உச்சத்தில் இருக்கும். ஓரிரண்டு மூச்சில் சாய்ந்துவிடுவார். மேலே நிற்பவர் தம்பியோ மச்சானோ மகனோ. அவர் காப்பாற்றக் குதிப்பார். அவரும் சாய்வார். ஒரே குழியில் இரண்டு மூன்று பேர், ஒரே குடும்பத்தவர் சாவது இதனால்தான். கரப்பான்பூச்சி உயிரோடு ஓடினால் இறங்கலாம் என்று மூத்த தொழிலாளர்கள் பழகிவைத்திருக்கும் சோதனை இருக்கிறது. 36-ஆவது பிரிவு கேட்ட எழுத்துச் சான்றுக்குப் பதிலாகத் தெருவில் கரப்பான்பூச்சி சான்று கொடுத்துக்கொண்டிருந்தது.

இடையில் வந்த ஒரு சட்டத்தையும் தொட்டுச் செல்வோம். போபால் கொடுமைக்குப் பிறகு, 1991-இல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. ஆபத்தான பொருள்களைக் கையாளும் இடத்தில் விபத்து நடந்தால், யார் தவறு என்று பார்க்காமல் உடனடி நிவாரணம். உயிரிழப்புக்கு அப்போது 25,000 ரூபாய். இந்த நிவாரணம் யாருக்கு? 'தொழிலாளி நீங்கலாக' எந்த நபருக்கும். தொழிலாளிக்கு 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் தனியே இருந்தது என்பது விளக்கம். சட்டப்படி அது சரியாகக்கூட இருக்கலாம். இருந்தாலும் 'பொது' என்று பெயரிட்ட சட்டத்தில் வேலை செய்கிறவரை அடைப்புக்குறி போட்டு வெளியே நிறுத்தும் பழக்கம் எவ்வளவு இயல்பாகிவிட்டது பாருங்கள். நுகர்வோர் சட்டத்திலும் இதுதான் கதை. செப்டிக் டேங்க் லாரியைக் காசு கொடுத்து வரவழைக்கும் வீட்டுக்காரர் நுகர்வோர். சேவையில் குறை என்றால் ஆணையத்துக்குப் போகலாம். குழாயைப் பிடித்து உள்ளே இறங்குபவர் அந்தச் சேவையின் ஒரு பகுதி.

1993-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு திருப்பம்தான், மறுக்கவில்லை. கையால் மலம் அள்ள ஆள் அமர்த்துவதும், எடுப்புக் கழிப்பிடம் கட்டுவதும் குற்றம் என்று முதல்முறையாக ஒரு தேசியச் சட்டம் சொன்னது. ஆனால் அதன் பிறப்பைப் பாருங்கள். பொதுச் சுகாதாரமும் துப்புரவும் அரசியலமைப்பில் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே சில மாநிலங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டுக்கொண்ட பிறகு, 252-ஆவது உறுப்பின் வழியாக நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஆந்திரம், கர்நாடகம், மகாராஷ்டிரம், மேற்கு வங்கம், கோவா, திரிபுரா கேட்டன. மற்ற மாநிலங்கள் தாமாக ஏற்றுக்கொண்டால்தான் அங்கே செல்லும். 1993-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தும், 1997 ஜனவரி 26 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. நகர்ப்புற வளர்ச்சித் துறையின் சட்டம் அது. அதன் கவலை பெரிதும் கழிப்பிடத்தைப் பற்றியது, நீரடைப்புக் கழிப்பிடமாக மாற்றுவது பற்றியது. ஆளைப் பற்றிய கவலை இரண்டாவதுதான். தண்டனை ஓராண்டு சிறை அல்லது 2,000 ரூபாய் அபராதம். வழக்குத் தொடர நிர்வாக அதிகாரியின் முன்அனுமதி வேண்டும். அந்த அதிகாரியின் கீழேயே பல ஊர்களில் மலம் அள்ளும் வேலை நடந்தது. பாதாளச் சாக்கடைக்குள் இறங்குபவர் இந்தச் சட்டத்தின் வரையறைக்குள்ளேயே வரவில்லை.

இங்கேதான் இயக்கம் உள்ளே வருகிறது. கோலார் தங்கவயலில் மலம் அள்ளும் குடும்பத்தில் பிறந்த பெஜவாடா வில்சன், ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்த எஸ்.ஆர். சங்கரன் போன்றோரோடு சேர்ந்து சஃபாய் கர்மசாரி அந்தோலனைத் தொடங்கினார். தங்கவயலில் தமிழ்த் தொழிலாளர்களின் வாழ்வை அறிந்தவர்களுக்கு அந்த லைன் வீடுகளின் பொதுக் கழிப்பிடங்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 2003-இல் அந்த இயக்கம் உச்சநீதிமன்றம் சென்றது. மாநிலங்கள் ஒவ்வொன்றாக, எங்களிடம் எடுப்புக் கழிப்பிடமே இல்லை என்று பிரமாணப் பத்திரம் போட்டன. இயக்கத் தோழர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் படம் எடுத்துத் தாக்கல் செய்தார்கள். இல்லை என்று அரசு சொல்வதும், இருக்கிறது என்று மக்கள் நிரூபிப்பதுமாகப் பத்தாண்டுக்கு மேல் ஓடியது. நடுவில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. மனிதர்கள் மலத்தை அகற்றும் கழிப்பிடம் உள்ள வீடுகள் சுமார் 7.94 லட்சம் என்று அரசின் சொந்தக் கணக்கே சொன்னது.

2013-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த அழுத்தத்தில் பிறந்தது. இம்முறை பொருள் துப்புரவுத் தலைப்பிலிருந்து தொழிலாளர் நலன் என்ற பொதுப்பட்டியல் தலைப்புக்கு மாறியது. பொறுப்பு சமூக நீதித் துறைக்குப் போனது. முன்னுரையில் 'வரலாற்று அநீதி' என்ற சொற்கள் வந்தன. கழிப்பிடத்திடமிருந்து சட்டம் மனிதரிடம் வந்து சேர்ந்த இடம் இது. பாதாளச் சாக்கடையும் செப்டிக் டேங்கும் உள்ளே வந்தன. ஆபத்தான முறையில் அவற்றைச் சுத்தம் செய்ய ஆளை இறக்கினால் முதல்முறை இரண்டாண்டு சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை ஐந்தாண்டு, 5 லட்சம். குற்றம் பிணையில் விட முடியாதது.

ஆனால் 'ஆபத்தான முறை' என்பதன் வரையறைக்குள் ஒரு கதவு வைக்கப்பட்டது. பாதுகாப்புக் கருவி கொடுக்காமல் இறக்குவதுதான் ஆபத்தான முறை. கருவி கொடுத்தால் அது குற்றமில்லை. அறிவிக்கப்பட்ட கருவிகளோடு மலம் அகற்றுபவர் 'கையால் மலம் அள்ளுபவர்' ஆகவும் மாட்டார். 36-ஆவது பிரிவை நினைத்துப் பாருங்கள். அங்கேயும் கருவிதான், பட்டைதான், கயிறுதான். தொழிற்சாலைக்குள் அந்த வாசகம் ஆளைக் காத்தது. அங்கே கதவு இருந்தது, பதிவேடு இருந்தது, தொழிற்சாலை ஆய்வாளர் என்று ஒருவர் இருந்தார், குறைந்தபட்சம் சட்டத்திலாவது இருந்தார். தெருவில் இதே வாசகம் முதலாளியைக் காக்கிறது. கையுறை ஒன்றை லாரியில் போட்டுவைத்திருந்தால் போதும். 'கொடுத்தோம், அவர்தான் போடவில்லை' என்ற ஒற்றை வரியைக் காவல் நிலையங்களில் நாங்கள் எத்தனை முறை கேட்டிருப்போம்!

எங்கள் நடுவிலேயே இதில் ஒரு வாக்குவாதம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. மனிதர் இறங்குவதையே முழுதாகத் தடுக்க வேண்டும் என்பது ஒரு தரப்பு. தரமான கருவியும் நிரந்தர வேலையும் கேட்போம், தடையென்றால் ஒப்பந்தக்காரர் இரவில் இறக்குவார் என்பது தொழிற்சங்கத்தில் இருக்கும் தோழர்கள் பலரின் வாதம். இயந்திரம் வந்தால் அந்த இயந்திரத்தை ஓட்டும் வேலை யாருக்கு என்று மூன்றாவது கேள்வியும் வந்திருக்கிறது. இந்த மூன்றில் நாங்கள் முதலாவதின் பக்கம். இருந்தாலும் இரண்டாவதைச் சொல்பவர்கள் குழிக்குள் இறங்கியவர்கள் என்பதை மறந்துவிட்டுப் பேச மாட்டோம்.

2014 மார்ச் 27 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமர்வின் தலைமையில் தமிழ்நாட்டுக்காரரான தலைமை நீதிபதி ப. சதாசிவம். 1993 முதல் பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்தையும் கண்டுபிடித்து 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்றது. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் அது 30 லட்சமானது. 2025 ஜனவரியில், சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் மனிதரை இறக்குவதை அறவே நிறுத்த உத்தரவிட்டது. மலக்குழி மரணங்களைக் கணக்கெடுத்துவரும் தேசிய ஆணையத்தின் பட்டியலில் 200-ஐத் தாண்டி முன்வரிசையில் நிற்பது நம் தமிழ்நாடு. இங்கே கணக்கு ஒழுங்காக எடுக்கப்படுவதால் எண் கூடுதலாகத் தெரிகிறது என்று சிலர் சொல்கிறார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். செத்தவர்களைக் குறைக்க அது உதவாது.

ஒரு மாவட்டத் தலைநகரில் நடந்ததைச் சொல்கிறோம். மூன்று பேர் ஒரு விடுதியின் குழியில் இறந்திருந்தார்கள். விவரம் தெரிந்து நாங்கள் காவல் நிலையம் போனபோது, சந்தேக மரணம் என்று பதிவு ஆகியிருந்தது. பேசிப் பேசி அது 'கவனக்குறைவால் மரணம்' ஆனது. பழைய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ, இன்றைய நியாயச் சட்டத்தின் 106. பேருந்து மோதிச் செத்தாலும் அதே பிரிவுதான். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் போடுங்கள் என்றோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்துக்குப் பிறகு, பட்டியல் சாதியினரைக் கையால் மலம் அள்ள வைப்பதே வன்கொடுமை என்று இருக்கிறது, அதையும் போடுங்கள் என்றோம். "அவங்க மலம் அள்ளலீங்களே, அடைப்புதானே எடுத்தாங்க" என்றார் எழுதிக்கொண்டிருந்தவர். கோபத்தில் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படி நம்பினார். அந்த இரவு முழுக்க நாங்கள் வாதாடியது ஒரு சொல்லின் பொருளுக்காக. இங்கே இருக்கும் மாணவர்களில் சட்டம் படிப்பவர்கள் இருந்தால், உங்களுக்கான வேலை அந்த மேசைக்கு முன்னால் இருக்கிறது. முதல் தகவல் அறிக்கையில் எந்தப் பிரிவு ஏறுகிறதோ அதை வைத்துத்தான் பிறகு எல்லாம் நடக்கும். இழப்பீடு, பிணை, விசாரணை செய்யும் அதிகாரியின் பதவி, எல்லாம்.

கொரோனாக் காலத்தில் 1897-ஆம் ஆண்டு பிளேக் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். 2020-இல் அதைத் திருத்தி, மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் கடும் தண்டனை என்றார்கள். நல்ல திருத்தம். மருத்துவர், செவிலியர், துணை மருத்துவப் பணியாளர், சமூகச் சுகாதாரப் பணியாளர் என்று பெயர் சொல்லிக் காப்பு கொடுத்தார்கள். துப்புரவுத் தொழிலாளி பெயர் சொல்லப்பட்டவர்களில் இல்லை. மாநில அரசு அறிவிக்கை செய்தால் சேரலாம் என்ற பொது வாசகத்துக்குள் அவர் காத்திருக்க வேண்டும். அதே மாதங்களில் அவர் காலில் பூ தூவினார்கள், தட்டு தட்டினார்கள், இங்கே 'தூய்மைப் பணியாளர்' என்று புதுப் பெயரும் வைத்தார்கள். 1896-இல் பம்பாய் அறிந்திருந்த அதே உண்மையை 2020-இல் நாடு மறுபடியும் அறிந்தது.

அந்த விடுதி வழக்கின் இழப்பீட்டுக்காக ஊர் ஊராகப் போய் ஆவணம் சேர்த்தபோது, பக்கத்துத் தெருவில் ஒரு மூதாட்டி எங்களைக் கூப்பிட்டார். அவர் கணவரும் சாக்கடைக்குள்தான் இறந்தார். இறப்புச் சான்றிதழைத் தகரப் பெட்டியில் துணியில் சுற்றி வைத்திருந்தார். "எங்களுக்கும் எழுதுங்க தம்பி" என்றார். வாங்கிப் பார்த்தோம். ஆண்டு 1989. நீதிமன்றம் சொன்னது 1993 முதல். அவரிடம் அதைச் சொல்லும்முன் அவரே கேட்டுவிட்டார், "அதுக்கு முன்னாடி செத்தவங்களுக்கு யாருப்பா கணக்கு?" என்று. சான்றிதழைத் திரும்ப மடித்துக் கொடுத்தோம். அதன் நகல் ஒன்று எங்கள் கோப்பில் இருக்கிறது. இறப்பின் காரணம் என்ற கட்டத்தில் 'மூச்சுத்திணறல்' என்று மட்டும் எழுதியிருக்கிறது.